பசித்த பிள்ளையும் பூட்டிய அறையும்

1991-ல் எனக்கு மகள் பிறந்தபோது என்னிடம் இருந்த ரவிக்கை எல்லாவற்றுக்கும் கொக்கி முன்பக்கம்தான். கோவில்பட்டியில் எந்தத் தையல்காரரிடம் துணியைக் கொடுத்தாலும் அவர் கேட்காமலே அப்படித்தான் தைத்துத் தருவார். கீழிருந்து இரண்டு கொக்கியைக் கழற்றி முந்தானையை இழுத்துவிட்டால் போதும், மிச்சத்தைப் பிள்ளை பார்த்துக்கொள்ளும். எங்கள் ஆச்சி காலத்தில் கொக்கியும் கிடையாது. ரவிக்கையின் இரண்டு முனைகளையும் சேர்த்து மார்புக்குக் கீழே ஒரு முடிச்சு, அவ்வளவுதான். இந்த உடுப்புக்குள் இருக்கிற பெண் எந்த நேரத்திலும் எந்த இடத்திலும் ஒரு பிள்ளைக்குப் பசியாற்ற வேண்டிவரும் என்பது தைத்தவர்களுக்கும் தெரியும், உடுத்தியவர்களுக்கும் தெரியும்.

அந்த மகளுக்கு 2024 ஐப்பசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. சென்னையில் அவள் வீட்டு அலமாரியைத் திறந்து பார்த்தேன். ரவிக்கைக்குக் கொக்கி முதுகில். சுடிதாருக்கு ஜிப் முதுகில். பாதிச் சட்டைகள் தலை வழியாகப் போட்டுக் கழற்றுகிறவை. வெளியே போய்வர என்று ஃபீடிங் குர்த்தி வாங்கினோம். மடிப்புக்குள் ஜிப்பை மறைத்து வைத்துத் தைத்தது. நல்ல வேலைப்பாடு, அவளுக்கு உதவியாகவும் இருந்தது. பிள்ளை பெற்றவளுக்கென்று தனி உடுப்பு வந்திருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. மற்ற உடுப்புகள் எல்லாம் அவளை மறந்துவிட்டுத் தைக்கப்படுகின்றனவே, அதுதான் உறுத்துகிறது.

நான் பிள்ளை வளர்த்த காலம் பாதி பேருந்தில் போனது. என் வீட்டுக்காரருக்குத் திருநெல்வேலியில் வேலை, எனக்குத் தாய்வீடு கோவில்பட்டி. கட்டபொம்மன் போக்குவரத்துக் கழக வண்டி கயத்தாறு, கங்கைகொண்டான் என்று நின்று நின்று போகும். புதிதாகப் பிறந்த பிள்ளை ஒரு நாளைக்கு 8 முதல் 12 தடவை பால் குடிக்கும். அதாவது இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை. படியிறங்கி, நிலையத்தில் காத்துக்கிடந்து, ஏறி, போய்ச் சேர்வதற்குள் ஒரு தடவையாவது அழாமல் இருக்காது. வெளியிடத்தில் பால் கொடுக்காதே என்று ஒரு தாயிடம் சொன்னால், மாதக்கணக்கில் வீட்டை விட்டு இறங்காதே என்றுதான் அதற்கு அர்த்தம். சொல்கிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

முதல் தடவை பேருந்தில் மகள் அழுதபோது தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே இருந்தேன். சுற்றிலும் ஆட்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது. பின்சீட்டில் கருவேப்பிலைக் கட்டை மடியில் வைத்திருந்த ஒரு பாட்டி எட்டிப் பார்த்தார்.

“ஏ தாயி, பிள்ள பசிக்கில்லா அழுது. தட்டுனா பசி அடங்குமா? பாலக் குடுத்து அமத்து.”

நான் அப்போதும் தயங்கினேன். அவர் என்னிடம் மேற்கொண்டு ஒன்றும் பேசவில்லை. ஜன்னலோரம் இருந்த பையனைப் பார்த்து, “எய்யா, நீ எந்திரிச்சு முன்னால போ” என்றார். அவன் போனான். நான் ஜன்னலோரம் நகர்ந்ததும் பக்கத்தில் இருந்த அக்கா என் பையை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, நடைபாதையைப் பார்க்க உடம்பைத் திருப்பி உட்கார்ந்தார். ஒரு ஓலைத்தட்டி கட்டின மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பக்கச் சீட்டில் இருந்த ஒருவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டி அவரையும் விடவில்லை.

“என்னய்யா அங்கன பார்வ? நீ ஒங்காத்தா மடியில குடிக்காமலா வளந்த?”

வண்டியில் பாதிப் பேர் சிரித்தார்கள். அந்த ஆள் வெளியே திரும்பியவர் திருநெல்வேலி வரைக்கும் தலையைத் திருப்பவே இல்லை.

அன்றைக்கு நான் செய்தது பால் கொடுத்தது ஒன்றுதான். இடம் பண்ணியது, மறைத்தது, முறைத்தவரை அடக்கியது எல்லாம் முன்பின் தெரியாதவர்கள். அதை ஓர் உதவி என்றுகூட அவர்கள் நினைத்திருக்கமாட்டார்கள். பிள்ளை அழுதால் இடம் விட வேண்டும், ஒரு பொம்பிளை குறுக்கே திரும்பி உட்கார வேண்டும், வண்டியில் ஏறினால் இதெல்லாம் உண்டு. அடுத்த தடவையிலிருந்து எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. நானே வேறு தாய்மாருக்குக் குறுக்கே திரும்பி உட்கார்ந்திருக்கிறேன்.

முந்தானையால் மூடுகிற வழக்கம் அப்போதும் இருந்தது. ஆனால் மூடச் சொன்னவர்கள் என்னை நினைத்துச் சொல்லவில்லை. “பிள்ள குடிக்கத எல்லாருஞ் சேந்து பாத்தா கண்ணுபட்டுரும், பெறவு பால் கட்டிக்கிடும்” என்பார்கள். மடக்கு மடக்கென்று குடிக்கிற பிள்ளைமேல் பிறர் கண் விழக் கூடாது என்பது கவலை. தாயின் உடம்பு அந்தப் பேச்சுக்குள் வரவே இல்லை. கண்ணேறில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும், துணிக்கு இந்தப் பக்கம் அசிங்கமான ஒன்று நடக்கிறது என்ற எண்ணம் அங்கே யாருக்கும் இல்லாமல் இருந்தது எனக்குப் பெரிய நிம்மதி.

இதை வைத்து அந்தக் காலத்தைத் தலையில் தூக்கி வைத்துக்கொள்ள நான் தயாராக இல்லை. பேருந்தில் அத்தனை பேருக்கு நடுவில் பால் கொடுத்த நான், புகுந்த வீட்டின் பட்டாசாலையில் உட்கார்ந்து ஒரு நாளும் கொடுத்ததில்லை. மாமனார் அங்கே இருப்பார். பிள்ளை சிணுங்கியதும் அத்தை கண்ணைக் காட்டுவார், நான் எழுந்து அரங்கு வீட்டுக்குப் போய்விட வேண்டும். ஜன்னல் இல்லாத உள்ளறை. பித்தளைப் பானைகளுக்கும் நெல் மூட்டைக்கும் நடுவில் தரையில் உட்கார்ந்து கொடுப்பேன். பிள்ளைக்குக் கழுத்து மடிப்பில் வேர்க்குரு வந்து சிவந்து கிடக்கும். ஊருக்கு நடுவில் கிடைத்த காற்று எனக்கு வீட்டுக்குள் கிடைக்கவில்லை.

மகள் பிறந்தவுடன் முதலில் நாக்கில் தொட்டு வைத்தது, சேனை என்று சொல்லிச் சீனித்தண்ணீர். சீம்பால் பிள்ளைக்கு ஆகாது, பீய்ச்சிக் கீழே விடு என்றார்கள். பிள்ளைக்கு முதல் தடுப்பு மருந்தே அந்த மஞ்சள் பால்தான் என்று என் மகளுக்கு மருத்துவமனையில் செவிலியர் சொன்னபோது, நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பிறந்து ஒரு மணி நேரத்துக்குள் பிள்ளையை மார்பில் போட்டார்கள். இந்த ஒன்றுக்காகவே இந்தக் காலத்துக்குக் கும்பிடு போடலாம்.

டப்பாப் பாலும் அன்றைக்கு வசதியின் அடையாளமாக இருந்தது. டப்பாவின் மேல் கொழுகொழு குழந்தை சிரிக்கும். பால் நன்றாகச் சுரக்கிற தாய்மார்கூட, நாலு பேர் முன்னால் புட்டியை எடுப்பதுதான் நாகரிகம் என்று எடுப்பார்கள். அந்த விளம்பரங்களுக்கும் குழந்தைப் படத்துக்கும் தடை போட்டு 1992-ல் மத்திய அரசு சட்டம் கொண்டுவந்தது. தாய்ப்பாலே சிறந்தது என்று டப்பாவின் மேலேயே அச்சிட வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. பால் சுரக்காத தாய்க்கும் தாய் இல்லாத பிள்ளைக்கும் அந்த மாவு தேவைதான். வெட்கத்தை வைத்து அதை விற்றதுதான் கொடுமை.

எல்லாவற்றையும்விட எனக்கு மறக்காதது பக்கத்து வீட்டு மதினி. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தார். எங்கள் ஊர்ப்பக்கம் தீக்குச்சியைக் கட்டையில் அடுக்காத பெண்கள் அன்றைக்குக் குறைவு. கட்டைக் கணக்குக்குத்தான் கூலி. எழுந்து போனால் அன்றைய கூலியில் அது தெரியும். மூன்று மாதப் பிள்ளையை எட்டு வயது மூத்த பெண்ணிடம் விட்டுவிட்டு விடியுமுன் கிளம்பிவிடுவார். மத்தியானத்துக்குமேல் பால் கட்டிக்கொண்டு நெஞ்சு கல்லாகிவிடும், ரவிக்கை முழுக்க நனைந்து போகும். சாயங்காலம் வாசலில் கால் வைக்கும்போதே பிள்ளையை வாங்கிக்கொண்டு நடையிலேயே உட்கார்ந்துவிடுவார். பால் வேகமாக இறங்கிப் பிள்ளைக்குப் புரையேறும். பிரசவகாலச் சலுகைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. வேலைக்குத் திரும்பிய தாய்க்குப் பிள்ளைக்கு 15 மாதம் ஆகும்வரை பாலூட்டுவதற்காகத் தினமும் இரண்டு இடைவேளை தர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அந்த ஆபீஸில் அப்படி ஒரு வரி இருப்பதை யாரும் அவருக்குச் சொன்னதில்லை. மதினிக்கு ஊரில் எங்கே உட்கார்ந்து பால் கொடுத்தாலும் தடை இல்லை. உட்கார நேரம்தான் இல்லை.

இன்றைக்கு வருவோம். என் மகள் தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறாள். பிரசவகாலச் சட்டத்தில் வந்த 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் இரண்டு பிள்ளைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு. 50 பேரோ அதற்குமேலோ வேலை செய்கிற இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நாலு தடவை போய்ப் பார்த்து வரலாம். தமிழ்நாட்டில் அரசு ஊழியருக்கு 2021-லிருந்து விடுப்பு 12 மாதம். மதினியின் பேத்தி ஒரு ஜவுளிக்கடையில் விற்பனைப் பெண். அவளுக்கு உட்கார நாற்காலி தர வேண்டும் என்பதே 2021-ல்தான் சட்டமாக வந்தது. அவளுக்குப் பிள்ளை பிறக்கும்போது இந்தச் சட்டங்களில் எத்தனை அவள் நிற்கிற தளம் வரை ஏறி வரும் என்பது எனக்குக் கவலையாகவே இருக்கிறது.

மருமகனைப் பற்றிச் சொல்லாமல் போனால் அநியாயம். என் வீட்டுக்காரர் நல்லவர், ஆனால் நான் பேருந்தில் பால் கொடுத்தால் நாலு சீட் தள்ளிப்போய் நின்றுகொள்வார், யாரோ எவரோ மாதிரி. இந்தப் பையன் அப்படி இல்லை. பிள்ளையை எப்படிப் பிடித்தால் மகளுக்கு முதுகு வலிக்காது, எந்தக் கைக்கு அடியில் தலையணை வேண்டும், குடித்து முடித்ததும் எப்படித் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பது என்று எல்லாம் கற்றுக்கொண்டான். ஹோட்டலுக்குப் போனால் முதலில் சுவரோர மேஜையைப் பார்க்கிறான். அவளை உள்பக்கம் உட்காரவைத்து, தான் வெளிப்பக்கம் உட்காருகிறான். கருவேப்பிலைப் பாட்டி பார்த்தால் மெச்சியிருப்பார்.

இவ்வளவு இருந்தும் என் மகளுக்கு வெளியிடத்தில் பால் கொடுப்பது நான் பட்டதைவிடப் பெரிய பாடாக இருக்கிறது. முதல் காரணம் எல்லார் கையிலும் இருக்கிறது. பிள்ளையை முதன்முதலாக ஊருக்குக் கொண்டுவந்தபோது ரயிலில் எதிர் இருக்கையில் ஒரு கல்லூரிப் பையன். செல்போனை நெஞ்சுக்கு நேரே நிமிர்த்திப் பிடித்து ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அவன் இந்தப் பக்கம் பார்க்கக்கூட இல்லை. ஆனால் அந்தக் கருவியின் கண் இந்தப் பக்கம் இருந்தது. அவள் சால்வையை இழுத்து இழுத்துப் போர்த்தினாள். உள்ளே பிள்ளைக்குப் புழுக்கம், காலால் உதைத்துத் தள்ளியது. துணிக்குள் வாய் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று அவளால் பார்க்க முடியவில்லை. காம்பை மட்டும் பிடித்தால் புண்ணாகிவிடும், கருவட்டத்தோடு சேர்த்து வாய் நிறையப் பிடிக்க வேண்டும். அதைக் கண்ணால் பார்த்துச் சரிசெய்து பழகத்தான் முதல் சில வாரம். போர்வைக்குள் அந்தப் பழக்கம் எப்படி வரும்? பால் வேறு இறங்கவில்லை. தாய்க்குப் பதற்றம் வந்தால், பாலை இறக்கிவிடுகிற ஆக்ஸிடோசின் சுரப்பது தடைப்படும். மனசு கலங்கினால் பால் மறித்துக்கொள்ளும் என்று ஆச்சி சொன்னதும் இதைத்தான்.

கருவேப்பிலைப் பாட்டி திட்டியது ஒரு ஆளை. கண்ணுக்குத் தெரிந்த ஆள், வெட்கப்பட்டுத் திரும்பிக்கொண்டார். இன்றைக்குப் பயம் யாரைப் பார்த்து என்பதே தெரியவில்லை. அந்தப் பையன்மேல் ஒரு குற்றமும் இல்லை. இருந்தாலும் அவனிடம் போய், “தம்பி, போனைக் கொஞ்சம் தாழ்த்திப் பிடிச்சிக்கிடுங்க, பிள்ளைக்குப் பால் குடுக்கா” என்றேன். அவன் பதறிப்போய் எழுந்து மேல் படுக்கைக்கு ஏறிக்கொண்டான். நல்ல பையன். சொன்னால் கேட்கிறவர்கள்தான் அதிகம் பேர். சொல்ல ஒரு ஆள் இருக்க வேண்டும். அதைத் தாயே சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

2015 ஆகஸ்டில், உலகத் தாய்ப்பால் வாரத்தில், முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா தமிழ்நாடு முழுவதும் 352 பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்துவைத்தார். செய்தியைப் படித்த அன்று எனக்கு மனம் நிறைந்துபோனது. பேருந்து நிலையத்தைக் கட்டுகிறவர்கள் அதற்குமுன் டீக்கடையை நினைத்தார்கள், சைக்கிள் நிறுத்துமிடத்தை நினைத்தார்கள், கைப்பிள்ளைக்காரியை நினைத்ததில்லை. இப்போது அவள் பெயரில் ஒரு கதவு.

அந்தக் கதவு பூட்டியிருந்ததைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பேத்திக்கு முடியிறக்கக் குலதெய்வக் கோவிலுக்குப் போகும் வழியில் ஒரு பேருந்து நிலையம். பிள்ளை வீறிட்டு அழுதது. அறையில் பூட்டு. சாவி நேரக்காப்பாளரிடம் என்றார்கள், அவர் சாப்பிடப் போயிருந்தார். ஜன்னல் வழியாகப் பார்த்தால் உள்ளே உடைந்த நாற்காலிகளும் பழைய பெயர்ப்பலகைகளும். அங்கே நின்று மகள் கண்கலங்கினாள். எதிரே பூக்கட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா கூடையை ஒதுக்கி, “இங்க வா கண்ணு, எம் பொறத்தால உக்காரு” என்று கூப்பிட்டார். அவள் சுற்றிலும் இருந்த செல்போன்களைப் பார்த்தாள். பிறகு போய் உட்கார்ந்தாள். மருமகன் பெரிய பையோடு முன்னால் போய் நின்றான், நான் இன்னொரு பக்கம். பூக்கார அம்மா எழுந்திருக்கவில்லை, எங்களைத் திரும்பிப் பார்க்கவும் இல்லை. முழம் போட்டு விற்றுக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரத்தில் பிள்ளை விழுங்குகிற சத்தம் கேட்டது.

இன்னொரு ஊரில் அறை திறந்தே இருந்தது. மின்விசிறி ஓடியது, பெஞ்சு துடைத்துக் கிடந்தது. அந்த நிலையத்தின் துப்புரவுப் பணியாளர் அக்கா ஒருவர்தான் அதைப் பார்த்துக்கொள்கிறார். “உள்ள போய்த் தாப்பா போட்டுக்கோம்மா, நா வெளிய நிக்கேன்” என்றார், நின்றார். மகள் நிம்மதியாகக் கொடுத்துவிட்டு வந்தாள். இந்த இரண்டு அறைகளுக்கும் சுவரும் பலகையும் ஒன்றுபோலத்தான் இருந்தன. ஒன்றில் ஆள் இருந்தார்.

அறை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுத்த தையல் ஆறாதவளுக்கு, கூட்டத்தில் கூச்சப்படுகிறவளுக்கு, இரட்டைப் பிள்ளைக்காரிக்கு அது வேண்டும். 352 போதாது, இன்னும் வேண்டும், இரவிலும் திறந்திருக்க வேண்டும். எனக்குப் பயம் வேறு. “அதுக்குன்னு ரூம் இருக்குல்லம்மா, அங்க போய்க் குடுங்க” என்று ஒரு உணவகத்தில் மேற்பார்வையாளர் என் மகளிடம் சொன்னார். மரியாதையாகத்தான் சொன்னார். அவர் காட்டிய அறை இரண்டு தளம் மேலே, வேறு கட்டடத்தில். அவளுக்காகக் கட்டின அறையே அவளை எழுப்பி அனுப்புவதற்குக் காரணமாகிவிட்டது. அரங்கு வீட்டுக்குப் போ என்று அத்தை கண்ணைக் காட்டியதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

2018 மார்ச்சில் கேரளத்தில் கிருகலட்சுமி பத்திரிகை அட்டையில் பாலூட்டும் பெண்ணின் படத்தைப் போட்டது. முறைத்துப் பார்க்காதீர்கள், நாங்கள் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும் என்று தாய்மார் கேரளத்திடம் சொல்வதாக அதில் இருந்தது. வழக்குப் போட்டார்கள், கேரள உயர் நீதிமன்றம் தள்ளிவிட்டது. படத்தில் இருந்த பெண் தாய் இல்லை, விளம்பரத்துக்காகச் செய்தார்கள் என்றெல்லாம் அன்று பேசினார்கள். அந்தக் குறையில் எனக்கும் பாதி சம்மதம் உண்டு. ஆனால் அந்த அட்டை பேசியது பார்க்கிறவர்களிடம். அதில் எனக்கு முழுச் சம்மதம். அதே ஆண்டு தில்லி உயர் நீதிமன்றத்தில் ஒன்பது மாதக் குழந்தை ஒன்றின் பெயரிலேயே, பொது இடங்களில் பாலூட்ட வசதி கேட்டு மனுப்போட்டார்கள்.

பிறகு 2025 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பி.வி. நாகரத்னாவும் பிரசன்ன பி. வராலேயும் ஒரு தீர்ப்புச் சொன்னார்கள். பொதுக் கட்டடங்களில் பாலூட்டும் அறைகளும் காப்பகங்களும் வேண்டும் என்ற வழக்கு அது. பொது இடத்திலும் வேலையிடத்திலும் பால் கொடுப்பதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று சொல்லி, பெண்ணின் கண்ணியத்துக்குக் குறைவான வழக்கங்களைக் கைவிட வேண்டும் என்கிற அரசியலமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு (இ)-ஐக் குடிமக்களுக்கு நினைவூட்டினார்கள். அந்தப் பிரிவு கடமைகளைச் சொல்வது. தாய்க்கு உரிமை உண்டு என்று நிறுத்திக்கொள்ளாமல், சுற்றி இருக்கிறவர்களுக்குக் கடமை உண்டு என்று நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. பேத்திக்கு அப்போது நாலு மாதம். மகள் அவளுக்குப் பால் கொடுத்துக்கொண்டே அந்தச் செய்தியை எனக்கு வாசித்துக் காட்டினாள். கோவில்பட்டி வண்டியில் எழுத்தறியாத ஒரு பாட்டி நடைமுறையில் வைத்திருந்த சட்டம் இது.

இதெல்லாம் நம் பண்பாட்டுக்கு ஒத்துவராது என்று சொல்கிறவர்கள் சீர்காழிக்குப் போய்வரலாம். அங்கே பிரமதீர்த்தக் குளக்கரையில் பசித்து அழுத மூன்று வயதுப் பிள்ளைக்கு அம்மை பொற்கிண்ணத்தில் பால் கொடுத்தாள், அந்தப் பிள்ளைதான் ஞானசம்பந்தர் என்பது ஐதீகம். வருடா வருடம் சித்திரையில் திருமுலைப்பால் விழா எடுக்கிறோம். ஊர் கூடும் குளக்கரையில் நடந்ததைத்தான் கொண்டாடுகிறோம்.

போன ஆவணியில் என் தம்பி மகன் கல்யாணம். இப்போது மண்டபங்களில் பெரிய எல்இடி திரை வைத்துவிடுகிறார்கள். தாலி கட்டுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் கேமரா கூட்டத்துக்குள் சுற்றும், யார் முகம் எப்போது பத்தடி உயரத்துக்குத் திரையில் வரும் என்று சொல்ல முடியாது. முந்தைய ஒரு கல்யாணத்தில் என் மகள் இதற்குப் பயந்தே முகூர்த்தத்தைப் பார்க்காமல் மாடியில் மணமகள் அறையில் பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். கூடவே இன்னும் இரண்டு கைப்பிள்ளைக்காரிகள். மூவரும் கல்யாணத்துக்கு வந்து கல்யாணத்தைப் பார்க்கவில்லை.

என் காலத்தில் மண்டபத்தில் ஜமுக்காளம் விரித்திருப்பார்கள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்க, நடுவில் யாராவது ஒருத்தி பால் கொடுத்துக்கொண்டிருப்பாள், அவளும் பேச்சில் இருப்பாள். நாற்காலி வரிசையில் அந்த வட்டம் இல்லை. தம்பியிடம் சொல்லி, மேடை தெரிகிற ஒரு பக்கத்தில் நாற்காலிகளை வட்டமாகப் போடவைத்தேன், நடுவில் ஒரு ஜமுக்காளமும். யாரையும் அங்கேதான் போ என்று சொல்லக் கூடாது என்று பந்தி பார்க்கிற பையன்கள் வரைக்கும் சொல்லிவைத்தேன். பிறகு வீடியோக்காரத் தம்பியைத் தேடிப் போனேன். சின்ன வயது. பால் குடிக்கிற பிள்ளை கண்ணில் பட்டால் கேமராவை உடனே வேறு பக்கம் திருப்பிவிட வேண்டும், திரைக்குப் போகவே கூடாது என்றேன்.

“சரிக்கா. அவுங்கள எந்த வரிசைல உக்கார வைக்கீங்க? அந்த வரிசையவே விட்டுருதேன்.”

“வரிசை எல்லாம் கிடையாது தம்பி. அவங்க இஷ்டப்பட்ட இடத்துல உக்காருவாங்க. நீங்கதான் பாத்து ஒதுங்கணும்.”

அவன் கொஞ்சம் யோசித்தான். பிறகு ட்ரோன் விடுகிற பையனையும் திரையைப் பார்த்துக்கொள்கிற பையனையும் கூப்பிட்டு, நான் சொன்னதை என் முன்னாலேயே ஒரு தடவை அவர்களிடம் சொன்னான்.